பின் டயரில் நாற்பத்திரண்டு பவுண்டு

போன மாதம் பண்டாரவளையில் ஒரு கராஜ் வாசலில் நின்றிருந்தேன். ஆட்டோகிராஸ் ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்திய சின்னக் கார் ஒன்று உள்ளேயிருந்து வெளியே வந்தது. பின் ஆசனம் இல்லை. பின் டயர்கள் இரண்டும் காற்று இறுகிக் கல்லாக இருந்தன. உரிமையாளர் மனைவியை ஏற்றிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் வீட்டுக்குப் புறப்பட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலை செய்த தம்பியிடம், "பின்னால நீ என்ன செஞ்சிருக்கேன்னு அவருக்குச் சொன்னியா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "அதெல்லாம் சொன்னா அடுத்த வாட்டி அவரே செஞ்சிக்கிடுவாருங்க."

அவன் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போல இருந்தது. வைக்கவில்லை. அதே பதிலை நான் முப்பது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அடி வாங்கவேண்டிய வரிசையில் நான்தான் முன்னால் நிற்கவேண்டும். அதனால் அடிப்பதற்குப் பதிலாக எழுதுகிறேன். வாகன வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் வாசியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தைக் குறைத்து எழுதினால் இது பொய்யாகிவிடும்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடொன்றில் பிறந்து, லொறியில் கிளீனராக ஏறி, இறங்கிய இடத்திலெல்லாம் வேலை பார்த்தேன். கொழும்பு, மட்டக்களப்பு, கட்டார், திரும்பவும் பதுளை. ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல இரண்டு வருடம் இருந்ததில்லை. இடது கைச் சுட்டுவிரலின் நுனி ஒரு பெல்ட்டில் மாட்டிப் போனது. வலித்தது, ஆறியது, அவ்வளவுதான். இப்போது கை நடுங்குவதால் ஸ்பேனர் பிடிப்பதில்லை.

கொழும்பில் எனக்கு வேலை பழக்கிய பாஸ் நல்ல மனிதர். கராஜ் மேஸ்திரியை எங்கள் நாட்டில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். எனக்குச் சோறு போட்டவர், கை பிடித்து வேலை காட்டியவர். ஆனால் கார்க்காரர் பக்கத்தில் வந்து நின்றால் முதுகைத் திருப்பி மறைத்துக்கொள்வார். எந்தத் திருகை எவ்வளவு திருப்பினோம் என்று சொல்லவேமாட்டார். "என்னமோ செஞ்சாரு, வண்டி பறக்குது" என்று கார்க்காரர் ஊர் முழுக்கச் சொல்லவேண்டும், திரும்ப நம்மிடம்தான் வரவேண்டும். அதுதான் அவருடைய வியாபாரம். அவரிடம் கற்ற நூறு விஷயத்தில் தொண்ணூற்றொன்பது எனக்குச் சோறு போட்டது. இந்த ஒன்று ஒரு மனுஷியைக் கொன்றிருக்கும்.

மலிவான கார் என்றால் முன் சக்கரம் இழுக்கும் கார்தான். இன்ஜினும் முன்னால், இழுவையும் முன்னால், ஸ்டியரிங்கும் முன்னால். பின்பக்கம் சும்மா கூடவே வரும். வேகமாகத் திருப்பினால் மூக்கு நேராக ஓடும். ஆட்டோகிராஸில் மைதானத்தில் கூம்புகளை வைத்து, காரை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள். திரும்ப மறுக்கும் கார் அங்கே உதவாது. அதைத் திருப்பவேண்டுமென்றால் பின்பக்கத்தின் பிடியைக் கெடுக்கவேண்டும். பின் ஆசனம், ஸ்பேர் டயர், ஜாக் எல்லாவற்றையும் இறக்கிப் பாரத்தைக் குறைக்கிறோம். பின் டயரில் காற்றை ஏற்றுகிறோம். பின் சக்கரங்களுக்கு உள்ளே மெல்லிய தகடு செருகி, இரண்டும் ஒரு மயிரிழை வெளிப்பக்கம் பார்க்கும்படி வைக்கிறோம். பிறகு வளைவின் நடுவில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வால் சுழன்று வரும். கூம்புகளுக்கு நடுவே அது தங்கம். மழையில், இறக்கத்தில், நம் தோட்டத்து ரோட்டில் அது கொலைக் கருவி.

இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்த பிழையென்றால் இவ்வளவு கோபம் வராது.

நாலு வருடத்துக்கு முந்தைய கதை. மடுல்சீமைக்கும் அப்பால் ஒரு தோட்டத்தில் மகேன் என்று ஒருவர் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வயது முப்பது இருக்கும். ஒரே ஒரு பழைய சின்னக் கார். கிழமை முழுக்க அதில்தான் லயத்து ஆட்களைக் கிளினிக்குக்கும் அரசாங்கக் காரியமாகக் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோவார். பண்டாரவளைப் பக்கத்து மைதானம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் நடக்கிறது, யாரும் தம் காரோடு வரலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"எதுக்கு தம்பி ஒங்களுக்கு இந்த வேல?" என்று கேட்டேன்.

"அண்ணே, அங்க நீ எந்தத் தோட்டம், எந்த லயம்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். வாட்ச் மட்டுந்தான் பேசும். ஒரு நாளைக்காவது அப்பிடி ஒரு எடத்துல நிக்கணும்."

அந்தப் பதிலுக்காகவே வேலையை ஏற்றுக்கொண்டேன். வாடகைக் காரையே ஓட்டத்துக்கும் ஆயத்தப்படுத்துகிறோம் என்றால் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. கெடுப்பதை மைதானத்தில் வைத்துக் கெடு, மைதானத்தை விட்டு வெளியே வருமுன் திரும்பச் சரிசெய். தகடும் காற்றும் ஞாயிறு காலை மைதானத்தில் செய்யவேண்டிய ஒரு மணி நேர வேலை. ஆனால் எனக்கு ஞாயிறு காலையில் மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அங்கே அவசர வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. கால் ஓரிடத்தில் தரிக்காத என் வியாதி, அவ்வளவுதான். அதனால் எல்லாவற்றையும் சனிக்கிழமையே முடித்தேன். அந்தத் தோட்டத்தில் மட்டமான இடம் பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் எடுக்கும் இடம். அங்கே காரை நிறுத்தி, மகேனைத் தூரத்துக் கடைக்குச் சாமானும் தேநீரும் வாங்க அனுப்பிவிட்டு, பின் சக்கரங்களைக் கழற்றித் தகடுகளைச் செருகினேன். வழக்கமாக முப்பது பவுண்டு இருக்கும் பின் டயரில் நாற்பத்திரண்டு பவுண்டு காற்றை ஏற்றினேன். அவர் தேநீரோடு வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பின்னால என்னண்ணே செஞ்சீங்க?"

"நாளைக்கு ஓட்டிப் பாருங்க, தெரியும்."

அதாவது, மறுநாள் அவர் மலையிலிருந்து பண்டாரவளை வரை அந்தக் காரை ஒன்றும் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். நான் பஸ்ஸில் வேறு திசைக்குப் போய்க்கொண்டிருப்பேன். இதைத் திறமை என்று நினைத்தவன் நான்.

மத்தியானம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போடப் பெண்கள் இறங்கி வந்தார்கள். மகேனுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் ராஜேஸ்வரி, ஐம்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லாதவர், காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"என்ன பாஸ், சீட்டக் கழட்டியாச்சி. அப்பிடியே கதவையும் கழட்டிருங்க, என் ஆட்டுக்குக் கொட்டாய் ஆகும்."

"அத்தை, நாளைக்கு நான் கப்போட வருவேன் பாருங்க" என்றார் மகேன்.

"கப்புல தேயிலச் சாயம் ஊத்திக் குடி. மொதல்ல அந்த சீட்ட மழையில நனையாம எடுத்து வை. அதுல ஒக்காந்துதான் நான் கண்ணு கிளினிக்குக்குப் போவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுட்டது. என் வேலையை ஆட்டுக் கொட்டகை என்றதற்காகச் சுட்டது. அந்தச் சின்னப் புண் அடுத்த இரண்டு மணி நேரத்தில் என்ன வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள்.

பெண்கள் மறுபடியும் மலைக்குப் போனார்கள். மூடுபனி இறங்கி மழை பிடித்தது. இரண்டு மணிக்கு மேலேயிருந்து கத்தல் கேட்டது. குளவி. தேயிலைச் செடிக்குள் கூடு இருந்திருக்கிறது, யாரோ கை வைத்துவிட்டார்கள். இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பெண்கள் சரிவில் விழுந்து எழும்பி ஓடிவந்தார்கள். நாலு பேருக்குக் கொட்டியிருந்தது. மூன்று பேர் நடந்து வந்தார்கள். ராஜேஸ்வரியைத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூச்சு இழுக்கும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது.

தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ் உண்டு. துரை என்று நாங்கள் சொல்லும் தோட்ட மனேஜரின் பங்களாவுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி பங்களாக் காவல்காரரிடம். மகேன் ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

"தொரை சொல்லாம தர ஏலாதுங்க" என்றார் காவல்காரர்.

"தொரைக்கு போன் பண்ணுங்க!" என்றார் மகேன்.

"அடிச்சேன். எடுக்கிறாரில்ல. கொழும்புல இருக்காரு."

"ஆள் சாகப் போவுதுய்யா!"

"நான் என்ன தம்பி செய்றது? என் வேல போயிரும்."

அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். கொழுந்து லொறி தொழிற்சாலைக்குப் போய்விட்டது. தோட்டத்தில் ஓடக்கூடிய வண்டி என்று மிச்சமிருந்தது பெரட்டுக் களத்தில் நின்ற இந்தக் கார்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால் எந்த வண்டி நிற்கிறதோ அது போகும். யாருடையது, எதற்கு நிற்கிறது என்ற கேள்வியே கிடையாது. மகேனும் கேட்கவில்லை. ஆசனமில்லாத தகரத் தரையில் சாக்கை விரித்து, ராஜேஸ்வரியைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய மகள் சுமதி உட்கார்ந்தாள்.

இப்போது கேளுங்கள். என் காற்சட்டைப் பையில் காற்று பார்க்கும் கருவி இருந்தது. பின் டயர்களில் காற்றை இறக்க இரண்டு நிமிடம் போதும். தகட்டைக் கழற்ற நேரமில்லை, சரி. ஆனால் காற்றை இறக்கிவிட்டு, "மகேன், வளைவுல காலை எடுக்காதீங்க, வால் சுத்தும்" என்று சொல்ல இன்னும் அரை நிமிடம். மொத்தம் இரண்டரை நிமிடம். சுற்றி முப்பது பேர் நின்று "எடு, எடு" என்று கத்துகிறார்கள். குனிந்து காற்றை இறக்கினால் ஏன் என்று கேட்பார்கள். காரைக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லவேண்டும். சற்று முன் என்னைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டத்துக்கு முன்னால் சொல்லவேண்டும்.

நான் சொல்லவில்லை. பின்னால் இரண்டு பேர் பாரம் ஏறியிருக்கிறது, வால் அமர்ந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அது பொய்க் கணக்கு என்று போடும்போதே தெரியும். முன் கதவைத் திறந்து மகேனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

இறங்க ஆரம்பித்தோம். மகேன் நல்ல ஓட்டுநர். அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரியும். அதுதான் ஆபத்து. அவர் தன் காரை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு ஓட்டினார். முதல் இரண்டு வளைவில் பின்பக்கம் லேசாக அசைந்தது. அவர் புருவத்தைச் சுருக்கினார். பின்னால் அந்த விசில் மூச்சு. "அம்மா, கண்ணத் தொறங்கம்மா" என்று சுமதி. நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடை குறுக்கே போகும் வலது வளைவு ஒன்று வந்தது. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். எதிரே மேலே ஏறி வரும் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் மகேன் காலை எடுத்தார். எந்த ஓட்டுநரும் அதைத்தான் செய்வான்.

வால் போய்விட்டது. கார் அப்படியே சுழன்று, மூக்கு பள்ளத்தைப் பார்த்தது. "விடாத, மிதி!" என்று கத்தினேன். அவர் மிதித்தார். என்ன, ஏன் என்று கேட்காமல் மிதித்தார். முன் சக்கரம் பிடித்து மூக்கை ரோட்டுக்கு இழுத்தது. ஆனால் பின்பக்கம் ரோட்டை விட்டுவிட்டது. இடது பின் சக்கரம் மலைப் பக்கத்து வடிகால் கானில் இறங்கி, கார் தடாலென்று நின்றது. அந்த வளைவு எதிர்ப்புறமாக இருந்திருந்தால் வால் பள்ளத்துக்குள் போயிருக்கும். எங்கள் நாலு பேரையும் கீழேயிருக்கும் தேயிலைக்குள்தான் தேடியிருப்பார்கள்.

மகேன் இன்ஜினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை.

"அண்ணே, இது என் காரு இல்ல."

என் பக்கம் திரும்பினார்.

"நாலு வருசமா ஓட்டுறேன். என் காரு இப்பிடி செய்யாது. என்ன செஞ்சீங்க?"

"பின் டயர்ல நாப்பத்திரண்டு பவுண்டு இருக்கு. ரெண்டு பக்கமும் தகடு வச்சிருக்கேன். காலை எடுத்தா வால் சுத்தும். அதுக்குத்தான் வச்சேன்."

"இத ஏத்தறப்பவே ஏன் சொல்லல?"

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கக்கூட நேரமில்லை.

பஸ் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "என்னங்கடா, ரேஸா? ரேஸ கானுக்குள்ளயா ஓடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பின்னால் கிடந்தவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பஸ்ஸைத் திருப்ப அந்த ரோட்டில் இடமில்லை. ஆறு பேர் இறங்கிக் காரின் பின்பக்கத்தைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். நான் தரையில் மண்டியிட்டு, மழையில், எல்லோருக்கும் முன்னால் காற்றை இறக்கினேன். மேலே பெரட்டுக் களத்தில் சொல்ல வெட்கப்பட்டு மிச்சம் பிடித்த இரண்டரை நிமிடத்துக்குப் பதிலாகக் கால் மணி நேரம் போய்விட்டது. அந்தக் கால் மணி நேரத்தில் விசில் சத்தம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. சுமதி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"தகடு இன்னும் உள்ளதான் இருக்கு" என்றேன் ஏறியதும். "வளைவுக்கு முன்னாலயே பிரேக்க முடிச்சிருங்க. உள்ள போனதும் கால லேசா வச்சிக்கிட்டே இருங்க. எடுக்கவே கூடாது."

"இனி வாய மூடாதீங்க அண்ணே. ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கிட்டே வாங்க. மூடுனீங்கன்னா எறக்கி விட்டுருவேன்."

பசறை ஆஸ்பத்திரி வரை சொல்லிக்கொண்டே போனேன். "இப்ப பிரேக். விடுங்க. லேசா மிதி. வச்சிருங்க, வச்சிருங்க. சரி." எத்தனை வளைவு என்று எண்ணவில்லை. தொண்டை கட்டிப்போனது. முப்பது வருடத்தில் ஓர் ஓட்டுநரிடம் நான் செய்த வேலையை முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சுக்கு மாஸ்க் வைத்தார்கள். ராஜேஸ்வரி பிழைத்தார். நாலு நாள் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு மகேன் போகவில்லை. நானும் மட்டக்களப்புக்குப் போகவில்லை. அன்று முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் காருக்கு அடியில் படுத்துத் தகடுகளைக் கழற்றினேன். மகேன் பக்கத்தில் நின்று எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த திருகைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது நான் என் மேல் மட்டும் கோபப்படும் கதை. முடியவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது தோட்டத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. ரேஸ் கார் ஒன்று பறந்து போய் உயிரைக் காப்பாற்றியது. பாஸின் கை பட்ட கார். கானுக்குள் விழுந்ததை மழையின் கணக்கில் போட்டுவிட்டார்கள். மகேன் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சுமதி தாயோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அடுத்த கிழமை ராஜேஸ்வரி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பெரட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தப்போவதாகக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். துரை கொழும்பிலிருந்து திரும்பியிருந்தார். அவரே போர்த்துவாராம்.

பெரட்டுக் களத்தில் எண்பது பேர் கூடையோடு நின்றார்கள். ராஜேஸ்வரி முகத்தில் இன்னும் வீக்கம் வடியாமல் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். துரை முதலில் மகேனுக்குப் போர்த்தினார், பிறகு எனக்கு. கை தட்டினார்கள். துரை பேசினார்.

"இப்பிடி கெட்டிக்காரங்க நம்ம தோட்டத்துல இருக்கறப்ப நமக்கு என்ன கவல? அம்புலன்ஸ் அம்புலன்ஸ்னு எல்லாரும் கேக்கிறீங்க. அவசரம்னா மகேன் கார் இருக்குதே. அம்புலன்ஸவிட வேகமாப் போவுதே!"

மறுபடியும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டினார்கள். அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நான் மறைத்த பிழையின் மேல் ஏறி நின்றுதான் அந்த மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்காத வரைக்கும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அடுத்த குளவிக்கும், அடுத்த பிரசவத்துக்கும், அடுத்த மாரடைப்புக்கும் ஆசனமில்லாத ஒரு கார்தான்.

மகேனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் இதை மறைத்து வைத்திருந்தார்.

"அந்தக் கார் அவங்களக் காப்பாத்தல" என்றேன். கை தட்டும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "நான்தான் அந்தக் காரக் கெடுத்து வச்சிருந்தேன். ரேஸுக்காக. மழையில வழுக்கும்னு தெரியும். ஏத்தறப்பவும் தெரியும். வெக்கப்பட்டுச் சொல்லல. அதாலதான் கான்ல விழுந்தோம். பள்ளத்துப் பக்கமா விழுந்திருந்தா நாலு பேரும் இன்னைக்கு இல்ல."

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "இவனுக்கா சால்வ?" என்று ஒருவர் பொன்னாடையைப் பிடித்து இழுத்தார். கழுத்து இறுகியது. சுமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கம்மாவத் தூக்கி வச்சப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் காலுக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள். அது எனக்குச் சேரவேண்டியது. இன்னும் ஒருவர் கை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்போது கல்லில் உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரி எழும்பினார். குரல் இன்னும் கரகரத்தது.

"நில்லுங்க. இந்தாளு செஞ்சத இந்தாளு சொல்லிட்டான். சாவி குடுக்காதவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

எண்பது முகங்களும் ஒன்றாகத் துரையின் பக்கம் திரும்பின. அவர் கைபேசியைப் பார்த்தார். காவல்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினார். ராஜேஸ்வரி கையிலிருந்த தடியை ஊன்றிக்கொண்டு, "சாவி எங்கன்னு தெரியாம நாங்க மலைக்கு ஏறமாட்டோம்" என்றார். ஒரு பெண் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு மற்றவர்களும். நாலைந்து பேர் மட்டும் துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூடையை இறக்காமல் நின்றார்கள்.

துரை சிரித்தார். "வண்டி ஓடுது. வேணும்னா இப்பவே பாருங்க. பாஸ், நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க" என்று என் தோளைத் தட்டினார். பிழையை மறைத்ததாக ஊர் முன்னால் ஒப்புக்கொண்டவனை ஏன் கூப்பிட்டார் என்று அப்போது விளங்கவில்லை. என் வாயில் இனி யாருக்கும் நம்பிக்கை இருக்காது, நானும் இனி விலைக்கு வாங்கக்கூடிய ஆள் என்று நினைத்திருப்பார்.

கொட்டகைக்குள் நான், துரை, காவல்காரர் மூன்று பேர்தான் போனோம். வண்டி சுத்தமாகக் கழுவி நின்றது. டயர்கள் நன்றாக இருந்தன. படுக்கை, விரிப்பு எல்லாம் இருந்தன. பொனட்டைத் திறந்தேன். பெட்டரி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கழற்றியவர் வேலை தெரிந்தவர். வயர் முனைகளுக்கு அழகாகத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்.

"கரண்ட் போற நேரம் பங்களாவுல லைட் எரியறதுக்கு எடுத்ததுங்க" என்று காவல்காரர் என் காதருகே முணுமுணுத்தார். "அன்னைக்குச் சாவி தந்திருந்தாலும் ஓடியிருக்காது. நான் எப்பிடிங்க அதச் சொல்றது?"

துரை குரலைத் தாழ்த்தினார். "பாஸ், பெட்டரி கொஞ்சம் வீக்குன்னு சொல்லுங்க. நாளைக்கே புதுசு போட்டுருவேன். தோட்டத்து வண்டி எல்லாத்தையும் இனி ஒங்ககிட்டயே தாறேன்."

தோட்டத்து வண்டிகள் எல்லாம் என்றால் எனக்கு ஆயுளுக்கும் வேலை. ஊர் ஊராகத் திரியவேண்டியதில்லை. நாளைக்கே புதுசு போடுவார் என்பதையும் நான் நம்பினேன். பேசாமல் இருந்தாலும் பெட்டரி வரும். பிறகு ஏன் சொல்லவேண்டும் என்று ஒரு கணம் யோசித்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் நீங்கள் போடும் கணக்கு எப்போதும் உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும்.

பொனட்டை மூடவில்லை. அப்படியே திறந்து விட்டுவிட்டு, பெரட்டுக் களத்துக்கு நடந்தேன். பின்னால் துரை "பாஸ், பாஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எண்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். சுமதி கையைக் கட்டிக்கொண்டு, இவன் இப்போது என்ன பொய் சொல்லப்போகிறான் என்பதுபோல நின்றாள்.

"வண்டியில பெட்டரியே இல்ல" என்றேன். "பங்களாவுல இருக்கு. லைட் எரியறதுக்கு. நான் சொல்றத நம்பவேணாம். பொனட்டத் தொறந்து வச்சிருக்கேன். போயிப் பாருங்க."

சுமதிதான் முதலில் போனாள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தாயைப் பார்த்து, ஆமாம் என்று ஒரு தடவை தலையை ஆட்டினாள். அதுவரை கூடையை இறக்காமல் நின்ற நாலைந்து பேரும் அதைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.